லானி பாட வேண்டிய வரி

இரண்டாவது வரி முடிந்து கிதார் மட்டும் ஒலித்த இடத்தில், காரின் ஒலிபெருக்கிக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

கொரின் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில்லின் ஓரத்தில் மலிவான மோட்டல் ஒன்றின் வாசலில், அடித்துப் பெய்யும் மழை கொஞ்சம் விடட்டும் என்று மூவரும் காருக்குள்ளேயே இருந்தார்கள். ஈரக் கோட்டுகளின் வாடையும் மதியம் மிச்சம் வைத்த காரக்கோழியின் மிளகாய் நெடியும் கலந்து மூச்சை அடைக்க, மோட்டலின் சிவப்பு விளக்கு கண்ணாடியில் நீரோடு நீராக வழிந்துகொண்டிருந்தது.

"கேட்டீங்களாப்பா?"

"கேக்காம என்ன? உங்கம்மா பாடினதுக்கு, இந்த ஊர்ல பாதிப்பேரு கிதாரை வித்துட்டு வீடு போய்ச் சேரணும்," என்றார் முன்சீட்டில் இருந்த வெர்னன்.

பக்கத்தில் ஆர்டித் லேசாகச் சிரித்தாள். அம்மாவின் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. அதைக் கெடுக்க மனமில்லாமல் கொரின் அந்த மூச்சைப் பற்றி மேலே கேட்கவில்லை.

போன குளிர்காலத்தில், பனி உறைந்த பாலத்தில் வண்டி சறுக்கித் தம்பி லானி ஆற்றோடு போனான். அதன் பிறகு அம்மா பாடவே இல்லை. அவளை நாஷ்வில்லுக்குக் கூட்டிப்போய்ப் பாடவைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதைச் சொல்லித்தான் கொரின் இருவரையும் கென்டக்கியிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள். ஊர் பார்க்க வருகிறவர்கள் பாடிப் பதிந்துகொள்ளும் சின்ன ஸ்டூடியோவில், அன்று பிற்பகல் வீட்டுப் பாட்டைப் பாடினார்கள். அதில் அம்மா, அப்பா, லானி, கொரின் என்று எப்போதும் ஆளுக்கொரு வரி. ஒருவர் வரியை இன்னொருவர் பாடுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. அப்பா சுரங்கத்துக்கு இரவு வேலைக்குப் போன நாட்களில்கூட அவர் வரிக்குக் கிதார் மட்டும்தான். லானியின் வரியையும் அப்படியே விட்டார்கள்.

"நடுவுல ஒரு வரி காலியா இருக்கே, வெட்டிரட்டுமா?" என்று கேட்டான் பதிவுக்காரன்.

"அது காலி இல்லப்பா. என் பையனோடது," என்றாள் அம்மா.

காருக்குள் வெர்னன், ஸ்டூடியோவில் தந்த குறுந்தகட்டை மறுபடி ஓடவிட்டார். அம்மா பாடினாள், அப்பா பாடினார். அப்புறம், கடைசிச் சொல்லை மூக்கால் இழுத்து இழுத்து, லானி பாடினான்.

"அவன்தாங்க," என்றாள் அம்மா. கன்னமெல்லாம் கண்ணீர். "என் தங்கம்தாங்க. இன்னொரு தடவ போடுங்க." அவள் குரல் கம்மியிருந்தது.

மூன்றாவது முறை, ஒலிபெருக்கியில் லானியின் வரியோடு அம்மாவின் குரலும் சேர்ந்து வந்தது. ஸ்டூடியோவில் அவள் அதைப் பாடவில்லை. கொரினுக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

"அம்மா?"

ஆர்டித் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உதடுகள் அசைந்தன, தொண்டை ஏறி இறங்கியது. ஒன்றும் வரவில்லை. ஆனால் சிரித்தாள். பாட்டை நிறுத்தக் கை நீட்டிய கொரினின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் மாதிரி விரல்கள்.

அப்பா மனைவியைப் பார்த்தார். பிறகு பொத்தானைப் பார்த்தார்.

"வேணாம்ப்பா. கும்பிட்டுக் கேக்கறேன்."

"உங்கம்மாவ விட்டுட்டு நான் மட்டும் ஊருக்குப் போய் என்னத்தம்மா பண்ணப்போறேன்?" என்றார் வெர்னன். அழுத்தினார்.

அம்மாவின் வரி. அப்பாவின் வரி. லானியின் வரியில் மூன்று குரல்கள். வெளியே மழை நின்றிருந்தது. தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. அது ஒலிபெருக்கிக்குள்ளிருந்து வந்தது.

அடுத்தது கொரினின் வரி. அவள் பாடிப் பதிந்த வரி. இப்போது அங்கே குரலே இல்லை. கிதார் மட்டும், சுற்றிச் சுற்றி, அதே இடத்தில்.

முன்சீட்டில் இருவரும் மெல்லத் திரும்பினார்கள். குளிரில் கொரினின் மூச்சு மட்டும்தான் புகைந்தது; அவர்கள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கதவின் கைப்பிடி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் தொடவில்லை. பயமாக இருந்தது. அதைவிட, அவர்களோடு போகவேண்டும் போலிருந்தது.

அம்மா சீட்டின் முதுகில் விரலால் தாளம் தட்டினாள். பாடு என்பதுபோல் தலையசைத்தாள். புன்னகை மாறாத அவள் உதட்டோரம் ஆற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.