கன்னத்துச் சிவப்பு

எல்லாம் சரியாகத்தான் வந்திருந்தது, கன்னத்தைத் தவிர. வீட்டுப் பிரிண்டரில் எடுத்த படத்தில் மகள் சிட்டுவின் மஞ்சள் கவுன் மஞ்சளாகவே இருந்தது; பூங்காப் புல் பச்சையாகவே இருந்தது; தலையில் கட்டியிருந்த ரிப்பன் கூட பளிச்சென்று சிவப்பாக விழுந்திருந்தது. நடுவில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் முகம் மட்டும் வெளிறிப் போய், சுண்ணாம்பு அடித்துக் காய்ந்த சுவரைப் போலக் கிடந்தது.

ரிப்பனுக்குச் சிவப்பு இருக்கிறது, கன்னத்துக்கு இல்லையென்றால் இது என்ன நியாயம்? அவன் காகிதத்தைச் சாய்த்துப் பார்த்தான், நிமிர்த்திப் பார்த்தான், விளக்கடியில் வைத்துப் பார்த்தான். வேறு யாராக இருந்தாலும் போனால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். அவனால் முடியாது. பெயிண்ட் கடையில் நிறம் கலப்பது அவன் வேலை. உதிர்ந்த சுவர்த் துண்டு, பழைய சட்டை, காய்ந்த இலை என்று வாடிக்கையாளர் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் அதே நிறத்தை டப்பாவில் கலந்து கொடுத்துவிடுவான். அட்டையில் ஒரு தீற்றல், அதைக் காயவைத்து மாதிரிக்குப் பக்கத்தில் பிடிப்பான். ஒத்துப்போகும் வரை விடமாட்டான். உடும்புப் பிடி. மாதிரி அப்படியேதான் இருக்கும், மாற வேண்டியது கலவைதான் என்பது அந்த வேலையின் அரிச்சுவடி.

இங்கே மாதிரி சோபாவில் உட்கார்ந்து ஓயாமல் வாயடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, கிளாஸ் போர்டுல என் படம்தான் நடுவுல ஒட்டணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க. நாளைக்குக் கொண்டு போகலன்னா அவளோட படத்தை ஒட்டிடுவாங்க."

"எவளோடது?"

"அவதான், என் பென்சிலை உடைச்சாளே."

"விடுவோமா? இங்க வா, கன்னத்தைக் காட்டு."

படத்தை அவள் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தான். ஓடி விளையாடிவிட்டு வந்த கன்னம், பழுத்துச் சிவந்திருந்தது. படத்தில் அதில் பாதி கூட இல்லை. சிட்டு கையை நீட்டிப் படத்தைத் தடவப் போனாள்.

"பளபளப்பு பக்கத்தைத் தொடாத. ரேகை பதிஞ்சா போகவே போகாது."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாயும் முன்பே அறை மங்கிவிட்டது. அவன் காகித வகையைச் சரிபார்த்தான். சோதனைத் தாள் எடுத்தான். நான்கு நிறக் கோடுகளும் ஓர் இடம் கூட அறுபடாமல் வந்தன. மெஷினில் குறையே இல்லை. எரிச்சலாக வந்தது. மருத்துவமனையில் மாலை டியூட்டியில் இருந்த மனைவிக்குப் போன் போட்டான்.

"க்ளீனிங் குடுத்துப் பாருங்க. ஆனா சும்மா சும்மா குடுக்காதீங்க, மை எல்லாம் வீணாப் போயிடும்."

"எங்க போகும்?"

"உள்ள ஒரு பஞ்சு இருக்குமாம். அது குடிச்சுக்கும். சிட்டு சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா, சாப்பிட்டா," என்று பொய் சொல்லி வைத்துவிட்டான்.

க்ளீனிங் பொத்தானை அழுத்தினான். மெஷின் முனகியது. உள்ளே எதுவோ இடமும் வலமுமாக நகர்ந்து, ஓரத்தில் போய் ஒட்டி நின்று, உறிஞ்சத் தொடங்கியது. டம்ளரின் அடியில் மிச்சமிருப்பதைக் குழந்தை உறிஞ்சுவது போன்ற சத்தம். பிறகு ஒரு மிடறு விழுங்கும் சத்தம். இத்தனை நாளில் இந்த மிடறுச் சத்தத்தை அவன் கேட்டதில்லை. மழைச் சத்தத்தில் எல்லாமே வேறு மாதிரிதான் கேட்கும் என்று சொல்லிக்கொண்டான்.

புதுப் படம் வந்தது. கன்னத்தோடு பிடித்தான். பரவாயில்லை. வித்தியாசம் குறைந்திருந்தது.

இன்னொரு தடவை அழுத்தினான். இன்னும் நெருங்கியது. அவனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கடையில் கலவை கைக்கு வரும்போது வருகிற அதே உற்சாகம். வீணாகிறதோ என்று மெஷினின் பக்கவாட்டில் இருந்த மைத் தொட்டிகளைக் குனிந்து பார்த்தான். நீலம் இறங்கியிருந்தது. மஞ்சள் இறங்கியிருந்தது. கறுப்பும் அப்படியே. சிவப்பு மட்டும் கோட்டுக்கு மேலே நின்றது. கோட்டுக்குக் கீழேதானே இருந்தது? சரியாகப் பார்த்திருக்கமாட்டோம் என்று நிமிர்ந்தான். ஒரு வாசனை வந்தது. மை வாசனை இல்லை. துருப்பிடித்த கம்பியை வெகுநேரம் பிடித்திருந்த உள்ளங்கையின் வாசனை.

"அப்பா, குளிருது."

அப்போதுதான் கவனித்தான், அவள் கொஞ்ச நேரமாகப் பேசவே இல்லை. வாயாடிக்குத் தூக்கம் வந்துவிட்டது போல. போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டான். "இதோ முடிஞ்சிடும்டா கண்ணு. ஒரே ஒரு தடவை."

இந்த முறை ஆழமான க்ளீனிங். நடுவில் அணைக்கக் கூடாது என்று திரையில் எழுத்து ஓடியது. உறிஞ்சல் நீண்டது. நின்றது. மறுபடி நீண்டது. மிடறு மேல் மிடறாக. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். படம் வந்ததும் ஓடிப்போய் தூங்குகிறவளின் கன்னத்தில் பிடித்தான்.

ஒத்துப்போயிற்று. மயிரிழை வித்தியாசம் இல்லை. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரிய தாளைச் செருகினான், உயர்ந்த தரம் என்று தேர்ந்தெடுத்தான், கடைசிப் பிரதிக்கு உத்தரவு கொடுத்தான். மெஷின் மறுபடி முனகத் தொடங்கியது. அது ஓடட்டும் என்று மேஜையில் சிதறிக் கிடந்த பழைய படங்களை ஒழுங்குபடுத்தினான். முதலில் எடுத்ததை ஓர் ஓரத்தில் வைத்தான். கடைசியாக எடுத்ததை அதன் பக்கத்தில் வைத்தான்.

கை நின்றது.

இரண்டும் ஒன்று. நடுவில் எடுத்தவற்றையும் பரப்பினான். எல்லாம் ஒன்று. அதே வெளிறல். அதே சுண்ணாம்பு. நிறத்தில் அவன் கண் பொய் சொல்லாது. படம் மாறவே இல்லை.

அப்படியானால் மாறியது எது?

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பெற்ற மகளைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது. பார்த்தான். போர்வைக்கு வெளியே தெரிந்த முகம் சோபா உறையைவிட வெளுத்திருந்தது. உதடும் கன்னமும் ஒரே நிறம். சிவப்புத் தொட்டி விளிம்பு வரை நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. குத்து குத்தென்று குத்தினான். நிற்கவில்லை. சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினான். திரை அணைந்தது. மெஷினின் சின்ன விளக்கும் அணைந்தது.

மிடறுச் சத்தம் அணையவில்லை.

தாள் வெளியே வரத் தொடங்கியது. கோடு கோடாக. முதலில் வானம். பிறகு ரிப்பன். பிறகு நெற்றி. நெற்றியில் நிறம் இருந்தது. உயிருள்ள நிறம். பிடித்து இழுத்தான். தாள் அசையவில்லை. புருவம் வந்தது. கண் வந்தது. பிறகு கன்னம். பழுத்துச் சிவந்த கன்னம். ஓடி விளையாடிவிட்டு வந்த கன்னம்.

"சிட்டு!"

ஓடினான். போர்வையோடு வாரி மார்பில் அணைத்துக்கொண்டான். எடையே இல்லை. இந்தப் பெண்ணைத் தூக்கினால் அவனுக்கு எப்போதும் இடுப்பு வலிக்கும். "அம்மா வந்துடுவாடா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், கண்ணைத் திறடா தங்கம்." கன்னத்தைத் தேய்த்தான், சூடு வரட்டும், சிவப்பு வரட்டும் என்று அழுத்தித் தேய்த்தான். வழவழவென்று இருந்தது. ஈரமில்லாத, குளிர்ந்த வழவழப்பு.

விரலை எடுத்தான்.

கன்னத்தில் அவன் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. சுழி சுழியாக, ஒவ்வொரு கோடும் தெளிவாக. துடைத்தான். போகவில்லை. சட்டை நுனியால் துடைத்தான். பளபளப்புதான் கூடியது.

அவன் பின்னால் பெரிய தாள் தட்டில் வந்து விழுந்தது. மிடறுச் சத்தம் நின்றது. மழையும் நின்றிருந்தது போல, அறையில் ஒரு சத்தமும் இல்லை. கையில் இருந்தவளின் உதடு அசையவில்லை. அவன் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான், அது அசையவே இல்லை.

"தொடாதீங்கப்பா," என்றாள் சிட்டு, தட்டிலிருந்து. "ரேகை பதிஞ்சா போகவே போகாது."