மூஞ்சியால் வரையும் அம்மா

லமியாவின் அம்மா சிங்கம் வரையும் நாளில் யாரும் மாடிக்குப் போக மாட்டார்கள். அம்மா கடித்துவிடுவாள் என்று இல்லை. ஆனால் பார்த்தால் கடித்துவிடுவாள் போலத்தான் இருக்கும்.

அம்மாவின் பெயர் நௌஷிதா. சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போடுவது அவள் வேலை. அணில் வரைந்தால் அவள் மூக்கு துறுதுறுவென்று ஆடும். ஆந்தை வரைந்தால் கண் இரண்டும் பப்படம் மாதிரி விரியும். படத்தில் என்ன முகமோ, அதே முகம் அம்மாவுக்கும் வந்துவிடும். இது லமியாவுக்குத் தெரியும், அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

"நீ சொல்லிடாத," என்பார் அத்தா. "தெரிஞ்சா கூச்சம் வந்துரும். கூச்சம் வந்தா உங்கம்மா வரையுற புலி பூனையாயிரும்."

எர்ணாகுளத்துக்கு அக்கரையில், மட்டாஞ்சேரியில் அவர்கள் வீடு இருந்த சந்து ரொம்பக் குறுகல். இந்த மாடியில் தும்மினால் எதிர்மாடியில் "ஆயுசு நூறு" என்பார்கள். எதிர்மாடியில் இருந்தவர் வெங்கிடாசலம் மாமா. பாலக்காட்டுக்காரர். போன மாதம்தான் பாங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அதுவரை பகலில் வீட்டில் இருந்தே பழக்கமில்லாதவர், இப்போது காலையில் பேப்பரோடு ஜன்னலில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை.

அந்த மாதம் பார்த்துத்தானா அம்மா அரக்கன் வரைய ஆரம்பிக்க வேண்டும்?

அது சாதாரண அரக்கன் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் பல்லைக் கடிப்பான், நாக்கைத் துருத்துவான், கண்ணை உருட்டுவான். அம்மாவின் மேசையோ ஜன்னலோரம். அதற்கு நேர் எதிரே மாமாவின் ஜன்னல். பிறகு என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். லமியா வீட்டில்தான் யாருக்கும் புரியவில்லை.

புதன்கிழமை காலை அம்மா மேசைக்கு வந்தபோது அறையே நீலமாக இருந்தது. மாமா தன் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய நீலத் தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"சாரலுக்குக் கட்டியிருப்பாங்க," என்று அம்மா கடைசிப் படத்தைத் தொடங்கினாள். மத்தியானம் அதை வாசலுக்கு எடுத்து வந்து பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பச்சைப் புல்லுக்கு மஞ்சள் காமாலை வந்திருந்தது. நீல வெளிச்சத்தில் எல்லாமே நீலமாகத் தெரிய, அவள் நீலத்தைக் குறைத்துக் குறைத்துக் கலந்துவிட்டாள்.

வேறு எங்கே போய் வரைவது? கீழ் அறைகளில் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். மொட்டை மாடியில் மழை.

அம்மா ஜன்னலுக்கு வந்து கூப்பிட்டாள். "மாமா, மழை விடுற நேரத்துல அதைக் கொஞ்சம் சுருட்டி வெப்பீங்களா?"

காதில் விழுந்தது என்பதற்கு அடையாளமாக, எதிர்வீட்டில் டிவி சத்தம் மட்டும் கூடியது.

எரியும் தீயில் எண்ணெய் வார்த்த மாதிரி அன்று சாயங்காலம் ஒரு போன். எர்ணாகுளத்திலிருந்து பதிப்பகத்து ஸுப்ரியா மலையாளம் கலந்த தமிழில் பேசினாள். "சேச்சி, வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள கடைசிப் படம் கையில கிடைக்கணும், கேட்டோ. இல்லேன்னா வேற ஆளை வெச்சு முடிக்கச் சொல்றாங்க. அப்புறம் அட்டையில ஆரு பேரு வரும்னு எனக்குத் தெரியாது."

அட்டையில் அம்மாவின் பெயர் வரப்போவது இதுதான் முதல் தடவை. அம்மா போனை வைத்தாள். "மாமாவுக்கு என் மேல என்ன கோபம்னே தெரியலையே," என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் லமியா நேராக எதிர்வீட்டுக்குப் போனாள். காமாக்ஷி மாமி கதவைத் திறந்தாள். மாடியில் மாமா, தான் கட்டிய தார்ப்பாயின் இருட்டிலேயே, பேப்பரை மூக்கில் ஒட்டாத குறையாகப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இந்தத் தார்ப்பாய் எதுக்கு?"

"மழைக்கு."

"மழை அந்தப் பக்கத்துலேர்ந்தில்ல அடிக்குது?"

மாமா பேப்பரை மடித்தார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கி வந்துவிட்டது.

"கேட்டுட்டே இல்லையா, சொல்றேன். உங்கம்மாவுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? பக்கத்து மனுஷாளாச்சேன்னு ஒரு சிரிப்பு சிரிச்சேன். பல்லை நறநறன்னு கடிச்சா. போனாப் போறதுன்னு மறுநாள் கையைத் தூக்கி குட்மார்னிங் சொன்னேன். நாக்கைத் துருத்தினா. இத்தனை வருஷம் பாங்குல இருந்தேன். லோன் கிடைக்காதவா கூட என்னைப் பாத்து நாக்கைத் துருத்தினதில்லை."

லமியா சிரிப்பை விழுங்கினாள். "அது உங்களைப் பாத்து இல்ல மாமா. அம்மா அரக்கன் படம் வரையுது. என்ன வரைஞ்சாலும் அம்மாக்கு அந்த மூஞ்சி வந்துரும்."

"படம் வரையறவா கையால வரைவா. மூஞ்சியாலயா வரைவா? கதை விடாதே, கேட்டயா."

சொல்லிப் புரியவைக்கிற விஷயமில்லை இது என்று லமியாவுக்குப் புரிந்தது. சுற்றிலும் பார்த்தாள். மேசையில் கிழித்துப் போட்ட காலண்டர் தாள் கிடந்தது. பக்கத்தில் பென்சில்.

"அப்ப நீங்க எனக்கு ஒரு அரக்கன் வரைஞ்சு தாங்க மாமா."

"நானா? எனக்கு ஒரு கோடு கூட நேரா வராது."

"கோணலா இருந்தா என்ன, அரக்கன்தானே. ஆனா ரொம்பக் கோபமா இருக்கணும்."

குழந்தை கேட்கிறது, எப்படி மாட்டேன் என்பது? மாமா தாளைத் திருப்பிப் போட்டு வரைந்தார். தலை உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. கண் இரண்டும் உளுந்துவடை.

"கோபம் பத்தல மாமா."

மாமா அரக்கனுக்குப் புருவத்தை நெரித்தார். அவர் புருவமும் நெரிந்தது. கோரைப்பல் வைத்தார். அவருடைய மேலுதடு தானாக மேலே ஏறியது. மூக்கு புடைத்தது. நாக்கின் நுனி வெளியே வந்து எட்டிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து மாமி காபியோடு வந்தாள். மாமா அதே முகத்தோடு நிமிர்ந்தார்.

மாமி அப்படியே நின்றுவிட்டாள். "இப்போ எதுக்கு முறைக்கறேள்?"

"யாரு, நானா?"

"காபில சக்கரை கம்மின்னா வாயைத் திறந்து சொல்லுங்கோ. அதுக்காகப் பல்லைக் கடிச்சு, நாக்கைத் துருத்தி... அதுவும் கொழந்தை முன்னாடி."

"நான் எங்கேடி துருத்தினேன்? நான் படம்னா வரைஞ்சிண்டிருக்கேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். படத்தைப் பார்த்தார். உம்மென்று இருந்த மாமியைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். லமியா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமாவின் முகத்தில் அசடு வழிந்தது.

"காமாக்ஷி, அந்த ஏணியை எடு."

"எதுக்கு?"

"தார்ப்பாயை அவுக்கணும். மழை விட்டுடுத்து."

வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அதை யாரும் சொல்லிக் காட்டவில்லை. அம்மாவிடம் எதையும் சொல்லக்கூடாது என்று லமியா கேட்டுக்கொண்டதற்கு மாமா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை மழைக்காகக் கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டிருந்தார். அறையில் வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்ததும் அம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று உட்கார்ந்துவிட்டாள். யாருமே விளையாடச் சேர்க்காத அரக்கனுக்கு ஒரு சின்னப் பெண் தன் கொய்யாப்பழத்தில் பாதியைத் தருகிறாள். அரக்கன் அழுகிறான். அதுதான் கடைசிப் படம்.

அம்மாவின் கீழுதடு நடுங்கியது. மோவாய் துடித்தது. கண்ணில் நீர் கட்டியது.

எதிர் ஜன்னலில் மாமா நிமிர்ந்து பார்த்தார். பேப்பரில் தலையை நுழைத்துக்கொண்டார். மறுபடி பார்த்தார். மறுபடி நுழைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியில் பேப்பர் மட்டும் இருந்தது.

கீழே கதவு தட்டுகிற சத்தம். லமியா திறந்தாள். குடைகூட இல்லாமல் நனைந்துகொண்டு, கையில் டம்ளரோடு மாமா படியேறி வந்தார்.

"என்ன மாமா, இந்த மழையில?" என்றாள் அம்மா.

மாமா வாயைத் திறந்தார். லமியாவைப் பார்த்தார். மூடினார். "ஒண்ணுமில்லை. மாமி காபி கூடுதலா போட்டுட்டா." டம்ளரில் காபியைவிட மழைத்தண்ணீர்தான் அதிகம் இருந்தது. "நீ சௌக்கியம்தானே?"

"எனக்கென்ன மாமா, நல்லா இருக்கேன். வெளிச்சம் வந்துருச்சே." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் காபியையும் குடித்தாள்.

கீழே இறங்கும்போது மாமா லமியாவிடம் மெதுவாகச் சொன்னார். "படம்தான்னு நன்னாத் தெரியும் கொழந்தே. ஆனாலும் ஒருத்தி அழறதைப் பாத்துண்டு எப்படி உக்காந்திருக்கறது?"

சாயங்காலம் படம் முடிந்தது. வாசலுக்குக் கொண்டு வந்து பார்த்தபோதும் புல் பச்சையாகவே இருந்தது. அத்தா அதைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, படகில் எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோனார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஸுப்ரியாவின் போன் வந்தது. "சேச்சி, அந்த அரக்கனைப் பாத்து எனக்கே அழுகை வந்துருச்சு. அட்டையில உங்க பேரை எவ்வளவு பெரிசா போடட்டும்?"

அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிரே மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எதிர்வீட்டு ஜன்னல்லேர்ந்து படிக்கிற மாதிரி போடு," என்றாள் அம்மா.