நிறம் மாறிய கூலன்ட்

"அந்த இசக்கிதுரை பய முகத்துல இனி முழிக்க மாட்டேன்!" என்று சொல்லிக்கொண்டேதான் சுந்தரபாண்டியன் ஷரீபுன்னிசாவின் மேலகரத்து வீட்டுக்குள் நுழைந்தார். ராயகிரிக்காரர், ராணுவத்தில் ஓய்வு பெற்றவர், தலை பளபளவென்று வழுக்கை. ஓய்வுப் பணத்தில் வாங்கிய அவருடைய ஹைப்ரிட் கார் ஒரு மாதமாக இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டைக் குடித்துத் தீர்க்கிறது. தரையிலோ ஒரு சொட்டு இல்லை. தென்காசி சர்வீஸ் சென்டரில் மூன்று நாள் போட்டு வைத்துவிட்டு, தொட்டியில் தண்ணீர் கலந்திருப்பதால் வாரண்டி செல்லாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாரண்டியோ நாளையோடு முடிகிறது.

தண்ணீர் ஊற்றியது வண்டியை ஓட்டும் மச்சினன் இசக்கிதுரைதான் என்று அவரே தீர்ப்பும் சொல்லி, அவனை வீட்டுக்கே வரக்கூடாது என்று விரட்டிவிட்டாராம்.

"போதாக்குறைக்கு, நானே கொண்டுபோயி வண்டிய விடும்போது துவைச்சு மாட்டுன சீட் கவரையும் அந்த சர்வீஸ்காரனுவ அழுக்காக்கிட்டானுவ. எல்லாம் என் நேரம்!"

அங்கே உட்கார்ந்திருந்த பெலிக்ஸுக்கு எரிச்சல் தாங்கவில்லை. உதிரிபாகக் கடைக்காரரான அவருக்கு எந்த வண்டியைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். "அக்கா, கசிவு எங்கனன்னு நான் இப்பவே திறந்து பாத்துருதேன்."

"பொறு பெலிக்ஸு. நாம திறந்தா அதையும் நம்ம தலையில கட்டிருவாங்க" என்றார் ஷரீபுன்னிசா. முப்பது வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக அடிபட்ட வண்டிகளையே பார்த்தவர். வாசலுக்குப் போய் வண்டியின் ஓட்டுநர் இருக்கையை மட்டும் குனிந்து பார்த்தார். சர்வீஸ் சென்டர் கொடுத்த இரண்டு சீட்டுகளையும் வாங்கி நிதானமாகப் படித்தார். அந்த நிதானம்தான் பெலிக்ஸின் உயிரை வாங்கும்.

அரை மணி நேரத்தில் சர்வீஸ் சென்டரில் இருந்தார்கள். மேலாளர் ஸ்ரீதேவி அதே பாட்டைப் பாடினார்: தண்ணீர் ஊற்றியது வாடிக்கையாளர் தவறு, தாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை. மூன்றாம் முறை கேட்டபோது பெலிக்ஸ் பல்லைக் கடித்தார்.

"வண்டிய விட்ட அன்னைக்கு நீங்க எழுதினது இது" என்று ஷரீபுன்னிசா முதல் சீட்டை நீட்டினார். "கூலன்ட் குறைவு, நிறம் ரோஸ். கிலோமீட்டர் 38,412. திருப்பிக் கொடுத்தப்ப எழுதினது, கூலன்ட் நிறைவு, நிறம் வெளுப்பு. கிலோமீட்டர் 38,425. உங்க கையில இருக்கையில தொட்டி எப்படிம்மா ரொம்புச்சு?"

ஸ்ரீதேவி இரண்டு சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "டெஸ்ட் டிரைவ் போயிருப்பாங்க..."

"பதிமூணு கிலோமீட்டர். இங்கன இருந்து குற்றாலம் மெயின் அருவிக்குப் போயிட்டு வந்தா அவ்வளவுதான். துவைச்சு மாட்டுன கவர்ல தலை சாயுற இடத்துல நல்லெண்ணெய்க் கறை இருக்கு. அண்ணாச்சிக்குத் தலையில முடியே கிடையாது. இசக்கிதுரை இந்தப் பக்கமே வரல. எண்ணெய் தேய்ச்சு அருவியில குளிச்சது யாரு?"

மெக்கானிக் முத்துகுமரன் தலையைச் சொறிந்தான். "சீசன்லா மேடம்... டெஸ்ட் டிரைவ் சாக்குல ஒரு குளியல் போட்டேன். திரும்பி வரையில சூட்டு லைட்டு எரிஞ்சிட்டு. பாட்டில்ல பிடிச்சிருந்த அருவித் தண்ணிய ஊத்திட்டேன். மெதுவா சொல்லிக்கிடலாம்னு இருந்தேன், அதுக்குள்ள வாரண்டி இல்லன்னு எழுதிட்டாங்க."

"தண்ணி வர்றதுக்கு முந்தியே கூலன்ட் குறைஞ்சதுக்கு உங்க சீட்டே சாட்சி" என்றார் ஷரீபுன்னிசா. "இப்பத் திறங்க. பெலிக்ஸு, நீயும் பாரு."

இத்தனை நேரம் அடக்கிய ஆத்திரமெல்லாம் தீர பெலிக்ஸ் டார்ச்சுடன் வண்டிக்கடியில் புகுந்தார். அடியை மூடியிருந்த பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றியதும், வாட்டர் பம்புக்கு நேர் கீழே ரோஸ் நிறத்தில் காய்ந்த படலம்.

"ஹைப்ரிட்லா, பாதி நேரம் பேட்டரியில போவும், இன்ஜின் விட்டு விட்டுத்தான் ஓடும். அது ஓடும்போது கசிஞ்சு தகட்டுல விழுந்து, சூட்டுலயே காஞ்சு போவுது. தரையில எங்கன சொட்டும்? பம்ப்புதான் கோளாறு!" என்று கத்தினார்.

ஸ்ரீதேவி மறுபேச்சில்லாமல் அன்றைய தேதியிட்டு வாரண்டிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பிரதியை வாங்கிக்கொண்ட சுந்தரபாண்டியன் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றார். ஒரு போன் போட இவ்வளவு நேரமா என்று பெலிக்ஸுக்கு மறுபடி எரிச்சல் வந்தது.

ஒருவழியாக அழைத்தார்.

"ஏலே இசக்கி... நாளைக்கு வண்டி ரெடியாவுது. நீ வந்து எடுத்தாத்தான் நான் ஏறுவேன்."