பச்சைப் பொத்தானுக்குக் கீழே ஓடிய வரிகள்

மணி நாலு. சித்தி வீட்டுச் சுவரில் சிவப்பு விளக்கு விடாமல் மின்னிக்கொண்டிருந்தது.

அது அப்படி மின்னக் கூடாது. பாப்பா அழுதால் மட்டும்தான் மின்ன வேண்டும். பாப்பாவோ தொட்டிலில் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். விளக்கில் இருந்த மைக் மின்விசிறியின் இரைச்சலையே அழுகை என்று நினைத்துக்கொண்டது.

சித்திக்குக் காது கேட்காது. ஐந்து மணிப் பேருந்தில் சித்தப்பா வெளியூர் வேலைக்குப் போகிறார். அதற்குப் பிறகு பாப்பா அழுவதைச் சித்திக்குச் சொல்ல இந்த விளக்கை விட்டால் ஆளில்லை.

"விளக்கு சரியாகாம நான் கிளம்ப மாட்டேன்," என்றார் சித்தப்பா. பை அவர் தோளிலேயே தொங்கியது. "இன்னிக்குப் போகலைன்னா அந்த வேலை வேற ஆளுக்குப் போயிடும். அது வேற விஷயம்."

அண்ணன் நகத்தைக் கடித்தான். விளக்குக்கான நிரலை எழுதியது அவனும் தங்கையும்தான். எவ்வளவு சத்தத்துக்கு மின்ன வேண்டும் என்று அதில் சொல்லும் ஒரே ஓர் எண்ணைக் கூட்டினால் போதும். ஆனால் அவன் மடிக்கணினி, திறந்ததும் திறக்காததுமாகத் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. திரையில் 'பன்னிரண்டு சதவீதம்' என்று இருந்தது.

"சித்தப்பாவோட பழைய கம்ப்யூட்டர் இருக்கே?" என்றாள் தங்கை.

"அதுல நம்ம பெரிய சாஃப்ட்வேர் இல்லியே. பச்சைப் பொத்தான் இல்லாம எப்படிச் செய்யறது?"

அந்தப் பச்சைப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும். கோப்புகளைச் சேர்ப்பது, விளக்குக்குள் இருக்கும் மின்பலகைக்கு அனுப்புவது எல்லாம் தானாக நடந்துவிடும். அண்ணன் அந்தப் பெரிய மென்பொருளைப் பழைய கணினியில் ஏற்றிப் பார்த்தான். இருபது நிமிடம் முக்கி முனகிவிட்டு, 'இடம் போதவில்லை' என்று கையை விரித்தது கணினி.

மணி நாலு இருபத்தைந்து. மடிக்கணினியில் முப்பத்தொரு சதவீதம்.

தங்கை பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

"வந்துட்டாங்க கணக்குப்பிள்ளை," என்றான் அண்ணன். எதைப் பார்த்தாலும் எழுதி வைப்பதால் அவன் வைத்த பெயர் அது.

"நீ பச்சைப் பொத்தானை அழுத்தினப்போ கீழே சின்ன எழுத்துல மூணு வரி ஓடிச்சில்ல? அதை எழுதி வச்சிருக்கேன். பொத்தான் செய்யற வேலையே அந்த மூணு வரிதான். நாமளே தட்டிட்டா?"

அண்ணன் பழைய கணினியின் முன் அவளுக்கு இடம் விட்டான்.

அந்த வரிகளை ஓட்டத் தேவையான கருவி சின்னது. மூன்றே நிமிடத்தில் இணையத்திலிருந்து இறங்கியது. நிரலின் நகல் அவளுடைய பென் டிரைவில் இருந்தது. சாதாரணக் குறிப்பேட்டுச் செயலியில் அதைத் திறந்து, இருநூறு என்ற எண்ணை ஐநூறாக்கினாள். மூன்று வரிகளையும் ஒரு கோப்பில் தட்டினாள். இனி அந்தக் கோப்பை ஓட்டினால் மூன்றும் வரிசையாக நடக்கும்.

ஓட்டினாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் வந்தன: 'மைக் கோப்பு கிடைக்கவில்லை.'

மணி நாலே முக்கால். சித்தப்பா பையைக் கீழே இறக்கி வைத்தார். சித்தி அவர் முகத்தைப் பார்த்தாள்; பிறகு விளக்கைப் பார்த்தாள்.

தங்கை திரையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "எழுதினபடிதானே தட்டினேன்..."

"நோட்டைக் கொடு." அண்ணன் விரல் வைத்துப் படித்தான். "ரெண்டாவது வரி பாதியில நிக்குது பாரு. மைக் கோப்பு எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சொல்லணும். அது இல்லியே." பக்கத்தைத் திருப்பினான். பின்பக்க மூலையில் இரண்டே சொற்கள் நெருக்கியடித்து நின்றன. "இந்தா இருக்கு. இடம் பத்தலைன்னு பின்னாடி தள்ளிட்ட, கணக்குப்பிள்ளை."

அவள் அந்த இரண்டு சொற்களையும் சேர்த்துத் தட்டினாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடின. நின்றன. 'முடிந்தது.'

விளக்கு அணைந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது, விளக்கு மின்னவில்லை.

"அழுகைக்கு எரியுமா?" என்றார் சித்தப்பா.

"அண்ணா, அழு," என்றாள் தங்கை.

"நானா?"

"உன் குரல்தான் அதுக்குத் தோது."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு 'ங்ஙே' என்று ஒரு குரல் எடுத்தான். விளக்கு மின்னியது. பாப்பா திடுக்கிட்டு விழித்து நிஜமாகவே அழ ஆரம்பித்தாள்.

சித்தி அப்போது அவர்களுக்கு முதுகைக் காட்டித் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்துக்கு நேரே சுவர் சிவந்தது. மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டுத் தொட்டிலுக்கு ஓடினாள். யாரும் அவளைத் தொட்டுக் கூப்பிடவில்லை.

சித்தப்பா அதைப் பார்த்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாப்பாவின் தலையைத் தடவிவிட்டுப் பேருந்துக்கு ஓடினார்.

பாப்பா அடங்கினாள், விளக்கும் அடங்கியது. அண்ணன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பேனாவுக்குக் கையை நீட்டினான்.

"எதுக்கு?"

"எனக்கும் ஒரு காப்பி எழுதிக்கறேன்."

மூலையில் மடிக்கணினி நாற்பத்தாறு சதவீதத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.