ஆரோனின் சிவப்புக் கார்

பிரவின்குமாரும் அவன் மனைவி இளவேனிலும் கார் வாங்கப் பீளமேட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழத் தொடங்கியிருந்தது. பஞ்சாலை மதிலை ஒட்டிய பழைய ஓட்டு வீடு. பக்கத்தில் தகரக் கதவு போட்ட ஒரு ஷெட். விமலாராணி பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"உள்ள போய்ப் பாருங்க. நான் இங்கயே நிக்கறேன்."

ஷெட்டுக்குள் இருட்டு குளிர்ந்து கிடந்தது. மெழுகுப் பாலிஷும் தோலும் கிராம்பும் கலந்த வாசனை. பிரவின்குமார் மேலுறையை இழுத்தான். கருஞ்சிவப்பு நிறத்தில், தாழ்ந்து நீண்ட மூக்கோடு, இரண்டே இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் வெளிப்பட்டது. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் விமலாராணியின் புருசன் ஆரோன் வாங்கியது. முப்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஏனுங்க, நேத்துத்தான் கப்பல்ல இருந்து எறக்குனாப்பல இருக்குதுங்க," என்றான் அவன். பம்ப்செட் கம்பெனியில் வேலை. லீவு நாளில் கார் ரேலி ஓட்டுகிறவன். சிறு வயதிலிருந்தே இப்படி ஒரு வண்டிக்கு ஏங்கியவன். "சார் உசுரா வெச்சிருந்திருக்காருங்க."

"ஆமாங்க. அவருக்கு இதுதான் எல்லாமே."

அவள் சொன்னது பொய்யில்லை.

ஆரோன் தெற்கே திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துக்காரன். பஞ்சாலையில் எஞ்சினியர். கோயிலுக்கு வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் அவனைப் பிடிக்கும். காலையில் எழுந்ததும் கிராம்பை மென்றபடி காரைத் துடைப்பான். மாலையில் வந்ததும் துடைப்பான். கல்யாணமான புதிதில் ஒரு மழை நாளில் விமலாராணி அதில் ஏறி உட்கார்ந்து, நனைந்த குடையைத் தோல் இருக்கையின்மேல் வைத்துவிட்டாள். அவன் கோபப்படவில்லை. குடையை எடுத்து வெளியே வைத்தான். இருக்கையை நிதானமாகத் துடைத்து உலர்த்தினான். பிறகு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினான். அன்றிலிருந்து அவளுக்கு இடது காது கேட்காது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் வலது காதை வைத்தே வேலை பார்த்தாள். அடுத்த வருடம் அவள் வயிற்றில் இருந்த பிள்ளையும் அந்த வீட்டுக்குள்ளேயே போயிற்று. இந்தக் கோடையில்தான் ஆரோன் செத்தான், ஷெட்டுக்குள், துடைக்கிற துணி கையில் இருக்க. நெஞ்சுவலி என்றார் டாக்டர்.

பணம் கைமாறி, இளவேனில் காரில் ஏறும்போது அவளுடைய வளையல் கதவில் உரசியது. விமலாராணி தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டாள். பிரவின்குமார் சிரித்தான்.

"பரவால்ல அம்மணி, பாத்து உக்காருங்க."

இப்படியும் ஒருவன் பெண்டாட்டியிடம் பேசுவானா என்று விமலாராணிக்கு ஆச்சரியமாக இருந்தது. கார் அவர்கள் ஊரான கிணத்துக்கடவுக்குப் போய்ச் சேரட்டும், நல்லவன் கையில் இருக்கட்டும் என்று நினைத்தாள். கார் தெருமுனை திரும்பியதும் ஷெட்டைக் கழுவிவிட்டுத் துணி காயப்போடக் கொடி கட்டினாள்.

ஆடி மாதம் இளவேனில் தனியாக பஸ்ஸில் வந்தாள்.

ஐந்து மாத வயிறு. வலது கை முழுக்கக் கட்டு. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அக்கா, 'ஏளா'ன்னா எந்த ஊருப் பேச்சுங்க?"

விமலாராணி கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். ஆரோன் அவளை அப்படித்தான் கூப்பிடுவான்.

"யாரு சொன்னாங்க கண்ணு?"

"அவருதாங்க. மொதல்ல வண்டியக் கொண்டாந்து தேங்காக் களத்து ஷெட்டுல விட்டாருங்க. லீவு நாள்ல தொடைப்பாரு. அப்பறம் தெனமும். அப்பறம் வேலைக்கே போறதில்லீங்க. எங்கிட்ட 'ங்க' போட்டுப் பேசறத உட்டுட்டாரு. ஏளாங்கறாரு. குரலே வேறங்க அக்கா. மருதாணி வெச்ச கையோட கார்க் கதவத் தொட்டுட்டேன்." அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "அந்தக் கதவுக்குள்ளயே என் கைய வெச்சு மூடிப்போட்டாரு. ரெண்டு வெரலு இல்லீங்க. மூடிப்போட்டு, கதவுல பட்ட ரத்தத்தத்தான் தொடச்சாரு."

"உங்கம்மா ஊட்டுக்குப் போகலயா?"

"எங்க ஊட்டுக்காரரு அந்த மாதிரி இல்லீங்கக்கா. அவர உட்டுட்டு எப்படிங்க போறது?"

விமலாராணி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இருவரும் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினார்கள். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து மேகம் தாழ்ந்து வந்து, அவர்கள் கிணத்துக்கடவில் இறங்கும்போது நடுப்பகலே அந்தி மாதிரி இருண்டிருந்தது. காற்றில் மின்சாரம் போயிருந்தது. தென்னந்தோப்பு முழுவதும் மட்டைகள் ஒன்றோடொன்று உரசி இரைந்துகொண்டிருந்தன. களத்தோரம் கல்தூண் வைத்துக் கட்டிய நீண்ட ஷெட். கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே அரிக்கேன் விளக்கு எரிந்தது.

முதலில் வந்தது வாசனைதான். மெழுகு. தோல். கிராம்பு.

பிறகு சத்தம். துணி தகரத்தில் வட்டமாக ஓடும் சத்தம். அவசரமில்லாத, ஒரே சீரான சத்தம்.

பிரவின்குமார் முதுகைக் காட்டி, இடது முழங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆரோன் அப்படித்தான் உட்காருவான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏளா ராணி," என்றான் மெதுவாக. "செருப்பக் கழத்திட்டு வா."

ராணி என்று அவளைக் கூப்பிட்டவன் உலகத்தில் ஒருவன்தான்.

விமலாராணியின் கால் தானாகவே செருப்பிலிருந்து நழுவியது. அப்படிப் பழகிய கால். அதை உணர்ந்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

"வெளிய நில்லு கண்ணு," என்று இளவேனிலிடம் கிசுகிசுத்தாள்.

அவன் எழுந்து திரும்பினான். முகம் பிரவின்குமாருடையதுதான். வாய்க்குள் ஏதோ மென்றுகொண்டிருந்தான்.

"வித்துட்டியேளா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. அடுத்தது வயிற்றில். அவள் மடங்கியபோது கூந்தலைப் பற்றித் தூக்கி, முகத்தைக் கல்தூணில் மோதினான். மூக்கெலும்பு முறிவது அவளுக்கு உள்ளுக்குள் கேட்டது. மறுபடி மோதினான். கோபமே இல்லாமல், சக்கரத்தைத் துடைத்த அதே நிதானத்தோடு அடித்தான். அவள் தள்ளாடிக் காரின் முன்பக்கத்தில் சாய்ந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் சிவப்புப் பெயிண்டின்மேல் சொட்டியது.

அவன் கை நின்றது.

அவளை விட்டுவிட்டுத் துணியை எடுத்தான். குனிந்து, வாய் நிறையக் காற்றை ஊதி, அந்தத் துளிகளைத் துடைக்கத் தொடங்கினான். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று காரிடம் முணுமுணுத்தான். காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசுவதுபோல.

எத்தனையோ முறை அவள் தரையில் கிடந்து இதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். அவளிடம் ஒருநாளும் அந்தக் குரலில் அவன் பேசியதில்லை.

சுவரோரம் தேங்காய் உரிக்கும் கடப்பாரை சாய்ந்திருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் தூக்கி, அவனை விட்டுவிட்டுக் காரின்மேல் இறக்கினாள்.

தகரம் பிளந்தது. இன்னொரு அடி. கண்ணாடி நொறுங்கியது. பிரவின்குமார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தான்.

அவளுடைய இடது காதில் ஒருவன் அலறினான்.

கேட்காத காது. அதற்குள்ளே ஆரோன் அலறினான்.

சாவி போடாத எஞ்சின் உறுமியது. முன்விளக்குகள் எரிந்தன. அந்த மஞ்சள் வெளிச்சம் நேராகக் கதவடியில் போய் விழுந்தது. இளவேனில் வெளியே போகவில்லை. வயிற்றைக் கட்டிக்கொண்டு தூணோரம் அசையாமல் நின்றிருந்தாள்.

ஓட்டுநர் இருக்கையின் தோல் ஒரு ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கியிருந்தது.

கார் பாய்ந்தது.

"அம்மணி, தள்ளிக்கங்க!"

பிரவின்குமாரின் சொந்தக் குரல். எப்படி எழுந்தான், எப்படி ஓடினான் என்று யாரும் பார்க்கவில்லை. இளவேனிலை அந்தப் பக்கம் தள்ளினான். கார் அவனைத் தூணோடு சேர்த்து நசுக்கியது. தொடையெலும்பு முறிந்த சத்தம், எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கார் நிற்கவில்லை. பின்சக்கரங்கள் மண்ணைப் பறித்து வீசின. இன்னும், இன்னும் அழுத்தியது. அவன் வாயிலிருந்து ரத்தம் நுரைத்து வந்தது.

பாலிஷ் டப்பாக்களுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கேன் இருந்தது. விமலாராணி அதைத் திறந்து அந்த அமுங்கிய இருக்கையில் கவிழ்த்தாள். கையெல்லாம் வழிந்தது. கவனிக்கவில்லை. கொக்கியிலிருந்த அரிக்கேன் விளக்கைப் பிடுங்கி உள்ளே அடித்தாள்.

நெருப்பு ஒரே மூச்சில் எழுந்தது. அவளுடைய கைகளும் எரிந்தன. கார் அடிபட்ட மாடு போலப் பின்வாங்கி எதிர்ச்சுவரில் மோதி நின்றது. இளவேனில் மூன்று விரல் கையாலும் மறு கையாலும் புருசனின் அக்குளைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அதற்குள் பிடித்திருந்த மழைக்குள் போனாள். விமலாராணி சேலையில் கைகளைச் சுற்றியபடி பின்னாலேயே ஓடினாள்.

வாசல் தாண்டும்போது இடது காதில் அந்தக் குரல் கடைசியாக வந்தது. இப்போது அலறவில்லை. பக்கத்தில் படுத்திருப்பவன் கேட்பதுபோலக் கேட்டது.

"இனி நான் எங்கன போய் இருக்கதுளா?"

பெட்ரோல் ஒழுகித் தீப்பிடித்துவிட்டது என்று இளவேனில் போலீசிடம் சொன்னாள். எரிந்த இரும்பைப் பழைய சாமான்காரர்கள் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போனார்கள். பிரவின்குமார் பிழைத்தான். ஒரு காலை எடுத்துவிட்டார்கள். களத்து ஷெட்டில் நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. இளவேனிலின் கையைப் பார்க்கும்போதெல்லாம் அழுதான்.

மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. அவிநாசியில், இளவேனிலின் அம்மா வீட்டில். விமலாராணி பார்க்கப் போனாள். கட்டைக்கால் வைத்து நடந்து வந்து பிரவின்குமாரே கதவைத் திறந்தான்.

"வாங்கக்கா, உள்ள வாங்க. இப்பத்தான் தூங்குனா. காப்பி வாங்கிட்டு வாரனுங்க."

அவன் பேச்சில் ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அறையின் நடுவில் விட்டத்திலிருந்து தூளி தொங்கியது. பழைய பருத்திச் சேலை, மேலே ஸ்பிரிங். பாலும் பவுடரும் மணத்தன. சன்னல்கள் சாத்தியிருந்தன. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, துணி விலகித் தெரிந்த சின்னப் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு காலத்துக்குப் பிறகு யாருக்காகவோ ஜெபம் செய்யவேண்டும் என்று தோன்றியது.

ஸ்பிரிங் ஒருமுறை கிரீச்சிட்டது.

பிறகு விட்டுவிட்டு, ஒரே சீராக.

"மெதுவா ஆட்டுங்கக்கா," என்றாள் இளவேனில் அடுக்களையிலிருந்து. "புள்ள பயந்துக்கும்."

விமலாராணியின் வெந்து சுருங்கிய இரண்டு கைகளும் அவள் மடியில் இருந்தன.

தூளி இன்னும் உயரப் போயிற்று. சுவரைத் தொட்டுத் திரும்பியது. மறுபடி போனபோது சுவரில் மோதியது. குழந்தை வீறிட்டது. விமலாராணி பாய்ந்து துணியோடு அணைத்து, குழந்தையை உருவி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தரையில் விழுந்தாள்.

காலித் தூளி நிற்கவில்லை. அது இன்னும் வேகமாகப் போய்ச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது.