கை பத்தாத சட்டை

சட்டையின் இடது கை மட்டும் ஓரம் பிரிந்து தொங்கியது.

தையற்காரி அதைத் தூக்கிப் பார்த்தாள். நேற்று அவளே மடித்துத் தைத்த ஓரம். கத்தரி பட்ட அடையாளம் இல்லை. நூலைப் பல்லால் கடித்து இழுத்தது போலப் பிசிறு, அதில் ஈரம், ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்தப் பூஞ்சை வாடை.

அவள் மகன் வாலு இந்தக் கடையில்தான் காணாமல் போனான். அப்போது ஆறு வயது. புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்க ட்ரையல் ரூம் திரைக்குள் போனவன் திரும்பி வரவில்லை. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திரை, திரைக்கு முன்னால் அவள். போலீஸ் சுவரைத் தட்டியது, தரையைத் தோண்டியது, அவளையே சந்தேகப்பட்டது, கடைசியில் அலுத்துப்போனது. அவளுக்கு அலுக்கவில்லை. அவன் பிறந்தநாள் வந்தால் போதும், இந்நேரம் இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனசால் அளந்து ஒரு சட்டை தைத்து உள்ளே கொக்கியில் மாட்டிவிடுவாள். இந்த வருடம் மாட்டியது பெரிய பையன் சட்டை. முழுக்கை.

"எலிதான்க்கா," என்றான் கடையில் கூட இருக்கும் அவள் தம்பி.

"எந்த எலிடா காலர விட்டுட்டு, தோள விட்டுட்டு, இடது கைய மட்டும் பிரிக்கும்? கை பத்தலன்னு கஸ்டமர் திருப்பிக் குடுத்த மாதிரி இருக்கு."

தம்பி சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

அவள் ஒட்டுத்துணி வைத்துக் கையை நீட்டினாள். மறுநாள் அதுவும் பிரிந்திருந்தது. இன்னும் நீட்டினாள். அதுவும். இப்போது கொக்கியில் தொங்கும் சட்டையின் கை தரையில் பட்டு மடங்கிக் கிடந்தது.

அன்று மாலை இன்ஸ்பெக்டர் வந்தார். உட்காரவில்லை.

"கேஸ முடிச்சுக்கறோம்மா. இனி தேட ஒண்ணுமில்ல."

"நீங்க முடிச்சுக்குங்க சார். நான் முடிக்கல."

"அக்கா, போதும் விட்டுடு," என்றான் தம்பி. "அந்த ரூம இடிச்சுட்டு அலமாரி வச்சிரலாம்."

"கடப்பாறை எடுத்துட்டு வா. மொதல்ல என்னை இடி, அப்புறம் அத இடிக்கலாம்."

இருவரும் போய்விட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே தெருவின் சாம்பல் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. மெஷின் எண்ணெய் வாடைக்கு மேல் அந்தப் பூஞ்சை வாடை மெல்ல ஏறி வந்தது. திரைக்கு உள்ளே கொக்கி கிரீச்சிட்டது, யாரோ அவசரப்படாமல் சட்டையைக் கழற்றுவது போல.

ஓடலாம். கால் வாசலைப் பார்த்துத்தான் நின்றது.

அவள் கழுத்தில் கிடந்த டேப்பை உருவிக்கொண்டு திரைக்குள் போனாள்.

"மனசால அளந்தா இப்படித்தான் தப்பாகும்," என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டாள். "கைய நீட்டு. சரியா அளந்து தைக்கறேன்."

இருட்டில் ஏதோ நீண்டது.

தோளைத் தடவினாள். எலும்பு. சில்லிட்ட தோல். டேப்பின் நுனியை வைத்துக் கீழே இறங்கினாள். முழங்கை. அதில் சின்ன வயதில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. அவனுடைய தழும்பு.

இன்னும் இறங்கினாள்.

இன்னொரு முழங்கை.

அதிலும் அதே தழும்பு.

டேப் முடிந்தது. கை முடியவில்லை. அது அவள் இடுப்பை உரசிக்கொண்டு, திரைக்கு வெளியே, மெஷினைத் தாண்டி, வாசல் பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

பின்னால், வாசலில், ஷட்டர் இறங்கத் தொடங்கியது. மெதுவாக. தரை தொடும்வரை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டேப் முடிந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்தி, அங்கிருந்து மறுபடி அளக்க ஆரம்பித்தாள்.