புள்ளி போன இடம்

மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்த அந்தப் பெண், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஓர் அட்டையையும் ஒரு தாளையும் எடுத்து, மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்தாள்.

"சார், சாயங்காலம் நாலு மணிக்குப் போலீஸ் வருது. அதுக்குள்ள நான் பைத்தியமா, பாவியான்னு எனக்குத் தெரியணும்."

மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஆவணப் பரிசோதகர். முப்பது வருஷம் நீதிமன்றங்களுக்காகக் கையெழுத்துகளையும் முத்திரைகளையும் பார்த்துச் சொன்னவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஜனங்கள் அவரை விடவில்லை. ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. பேருந்து ஓட்டி ஓய்ந்தவர். துப்பறிவதில் மட்டும் அவர் பிரேக் பிடிக்காத வண்டி. செய்தித்தாள் உடனே கீழே போனது.

"முதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் நடந்ததைச் சொல்லுங்க" என்றார் பரிசோதகர்.

அவள் ஒரு குடும்ப அச்சகத்தில் பக்கங்களை அமைப்பவள். கணவன் தொடங்கிய அச்சகம். அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது அவளும் கொழுந்தனும் சேர்ந்து நடத்துகிறார்கள். போன வியாழக்கிழமை ஓர் அவசர வேலை வந்தது. ஒன்பது சிறிய மருத்துவமனைகளின் சுவரில் தொங்கவிட, குழந்தைகளுக்கு எந்த மருந்து எவ்வளவு என்று சொல்லும் அட்டைகள். பன்னிரண்டு மருந்துக்குப் பன்னிரண்டு அட்டை. சனிக்கிழமை அவை எல்லா இடத்துக்கும் போய்விட்டன. நேற்று மதியம் ஒரு நர்ஸ் அட்டையைப் பார்த்து, நாலு வயசுப் பெண் குழந்தைக்கு மருந்து கொடுத்தாள். ஒன்றரை மில்லி கொடுக்க வேண்டிய இடத்தில் பதினைந்து மில்லி.

"குழந்தை?"

"பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்து, மூச்சுக்கு மெஷின் வெச்சிருக்காங்க." அவள் தாளை அவர் பக்கம் தள்ளினாள். "நான் 1.5-னு தான் அடிச்சேன் சார். இதோ, பிழை பார்க்க எடுத்த தாள். இதுல புள்ளி இருக்கு. அச்சான அட்டையில இல்ல. இன்னிக்குக் காலைல அதே ஃபைலைப் பெரிய மெஷின்ல மறுபடி போட்டுப் பார்த்தேன். புள்ளி வருது! நான் விட்டுட்டு, குழந்தை விழுந்ததும் ஓடிப்போய்ச் சேர்த்துட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு?" என்று முந்திக்கொண்டார் மைத்துனர்.

"மெஷின் ஓட்டுறவர் நேராவே சொன்னார். அவருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். என் கொழுந்தன் ஒண்ணும் சொல்லல. ராத்திரி முழுக்கத் தூங்காம, விடியக்காலை ஆறு மணிக்கே வேனை எடுத்துட்டுப் போயிட்டார். ஒவ்வொரு ஆஸ்பத்திரியா ஏறி இறங்கி, பன்னிரண்டு அட்டையையும் திருப்பி வாங்கிட்டு இருக்கார். பாவம்."

பரிசோதகர் பூதக்கண்ணாடியை எடுத்தார். தடித்த எழுத்தில் இருந்த '15' என்ற எண்மேல் அதை வைத்து, நெடுநேரம் குனிந்திருந்தார். பிறகு கண்ணாடியை மைத்துனரிடம் நீட்டினார்.

"ஐந்தோட காலைப் பாருங்க. என்ன தெரியுது?"

"கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கு அத்தான். மை கூடிப்போச்சோ? மெஷின்காரன் வேலைதான்!"

"அட்டையில இன்னும் நாலு இடத்துல ஐந்து இருக்கு. அதெல்லாம் வீங்கல. சரி, அடியில தடித்த எழுத்துல ரெண்டு வாக்கியம் இருக்கே. முதல் வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி இருக்கா?"

"இருக்கே!"

"அடுத்த வாக்கியம் எவ்வளவு தள்ளி ஆரம்பிக்குது?"

மைத்துனர் கண்ணைச் சுருக்கினார். "முட்டிக்கிட்டு நிக்குது. பிழை பார்த்த தாள்ல நல்லா இடம் விட்டிருக்கு."

பரிசோதகர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "அம்மா, உங்க அச்சகத்துக்குப் போகலாம். மாப்பிள்ளை, ஸ்கூட்டர் வேண்டாம், காரை எடுங்க. சீக்கிரம்."

அச்சகம் ஒரு நீளமான கட்டடம். முன்னறையில் மேசையும் தொலைபேசியும். நடுவறையில் கணினி. பின்னறையில் பெரிய இயந்திரம் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நடுவறைச் சுவரில் வேலைப் பலகை. 'வியாழன்' என்பதற்கு நேராக 'திருகாணி அளவுப்பட்டியல்' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, மேலே சிவப்பில் 'ஆஸ்பத்திரி அட்டை, அவசரம்' என்று எழுதியிருந்தது.

மெஷின்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். "நான் என்ன சார் பண்ணுவேன்? கணினி அனுப்புறதை மெஷின் அடிக்குது. அதுல புள்ளி இல்லேன்னா இல்லதான். பழியைத் தூக்கி என் தலையில வைக்கப் பார்க்கறாங்க."

"யாரும் வைக்கல" என்றார் பரிசோதகர். அவளைப் பார்த்துத் திரும்பினார். "உங்க மென்பொருள் ஒரு எழுத்தை எங்க வைக்கணும்னு எப்படி முடிவு பண்ணுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அவள் கணினிமுன் உட்கார்ந்தாள். வேலையைத் தொட்டதும் குரல் நிதானமானது.

"இதுக்குக் கண்ணு கிடையாது சார். எழுத்து எப்படி இருக்கும்னு இதுக்குத் தெரியாது. எல்லாமே சாதாரண ஃபைல்ல எழுதி வெச்சிருக்கும். ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு தனி ஃபோல்டர். அதுல முதல் ஃபைல், இந்த பிரிண்டர் ஒரு அங்குலத்துக்கு எத்தனை மைப்புள்ளி வைக்கும், என்னென்ன எழுத்துரு இருக்குன்னு சொல்லும். அப்புறம் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு ஃபைல். அதுல வரிக்கு ஒரு எழுத்து. பேரு, பக்கத்துல அகலம். மென்பொருள் ஒரு எழுத்தை வைக்கும், ஃபைல்ல போட்ட அகலம் அளவுக்கு நகரும், அடுத்ததை வைக்கும். என் வீட்டுக்காரர்தான் எல்லாத்தையும் உக்காந்து எழுதினார்."

"பிழை பார்க்கற சின்ன பிரிண்டருக்கு ஒரு ஃபோல்டர். பெரிய மெஷினுக்கு இன்னொண்ணு?"

"ஆமா."

"பெரிய மெஷினோட தடித்த எழுத்துரு ஃபைலைத் திறங்க. புள்ளிக்கு அகலம் எவ்வளவு?"

"இருநூத்தி அம்பது. சரியாதான் இருக்கு சார்."

"இப்ப சரியா இருக்கு. வியாழக்கிழமை அதுல பூஜ்ஜியம்னு இருந்திருந்தா?"

அவள் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது. "புள்ளியை வைக்கும்... நகராது. அடுத்த எண்ணை அது மேலேயே... ஐயோ!"

"புள்ளி காணாமப் போகல. ஐந்தோட காலுக்கு அடியில இருக்கு. அதான் அந்த ஒரு ஐந்து மட்டும் வீங்கியிருக்கு. வாக்கியக் கடைசியில இடைவெளி வந்ததால புள்ளி தப்பிச்சது, ஆனா அகலம் இல்லாததால அடுத்த வாக்கியம் முட்டிக்கிட்டு வந்தது. நீங்க புள்ளியை அடிச்சீங்க அம்மா. நீங்க பைத்தியமும் இல்ல, பாவியும் இல்ல."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். மைத்துனர் தொடையில் தட்டினார். பரிசோதகர் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை.

"சந்தோஷப்பட நேரமில்ல. இது ஒரு அட்டையோட தப்பு இல்ல. தடித்த எழுத்துல புள்ளி வர்ற எல்லா அட்டையும் தப்பு. அந்த ஃபைலைக் கடைசியா எப்ப மாத்தியிருக்கு?"

அவள் பார்த்தாள். "நேத்து ராத்திரி எட்டு நாற்பது. சார், மூணு வருஷமா இதை யாரும் தொட்டதில்ல! அந்த நேரம் நான் ஆஸ்பத்திரியில, அவங்க கேள்விக்குப் பதில் சொல்லிட்டு இருந்தேன்."

எல்லாருடைய பார்வையும் மெஷின்காரர்மேல் போனது. அவர் முகம் வெளுத்தது. "என்கிட்டயும் சாவி இருக்கு, இல்லேங்கல. ஆனா சத்தியமா சார், இங்க கணினியை ஆன் பண்ணக்கூட..."

வாசலில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவர் அவளுடைய கொழுந்தன். நாற்பது வயது இருக்கும். தாடியை மழிக்காத முகம், வேர்வையில் ஒட்டிய சட்டை. இரண்டு கையிலும் அட்டைக் கட்டுகள். அந்நியர்களைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றார்.

"அண்ணி, இவங்க யாரு?"

"எனக்காக வந்திருக்காங்க" என்றாள் அவள். "நான் புள்ளி விடல. யாரோ அகல ஃபைலை மாத்தியிருக்காங்க."

"அகலமா? அதெல்லாம் அண்ணனோட போச்சு. எனக்கு அந்த ஃபைல் சமாசாரமே தெரியாது." கட்டுகளை மேசைமேல் வைத்தார். ஒரு கட்டு சரிந்தது.

பரிசோதகர் அதிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். வேறு மருந்து. '075' என்று இருந்தது. ஏழின் கைக்கு அடியில், காலை ஒட்டி, மைத்துளிபோல ஒரு கறுப்புப் பொட்டு. அதை மெஷின்காரரிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, "புள்ளி சார்" என்றார் மெதுவாக.

"உட்காருங்க தம்பி" என்றார் பரிசோதகர். "ஒரே ஒரு கேள்வி. ஆஸ்பத்திரி எந்த அட்டையைத் திருப்பிக் கேட்டது?"

"அந்த... குழந்தைக்குக் கொடுத்த மருந்தோட அட்டையை."

"ஒரு அட்டை. அண்ணி ஒரு புள்ளியை விட்டுட்டாங்கன்னுதான் ஊரே நம்புச்சு. ஆஸ்பத்திரி நம்புச்சு, மெஷின்காரர் நம்பினார், இன்னிக்கு மதியம் என் வீட்டுக்கு வர்றப்ப அண்ணிக்கே சந்தேகம் வந்துடுச்சு. நீங்க மட்டும் ஆறு மணிக்கே பன்னிரண்டையும் வாங்கக் கிளம்பிட்டீங்க. மத்த பதினொண்ணும் தப்புன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

கொழுந்தன் சரிந்த கட்டை எடுத்து மறுபடி அடுக்கினார்.

"பலகையைப் பார்த்தேன். வியாழக்கிழமை போக வேண்டியது திருகாணிப் பட்டியல். அதுல 2.5, 3.5-னு அளவெல்லாம் தடித்த எழுத்துல இருக்கும். அந்தப் பட்டியல் கெட்டுப்போகணும்னு யாரோ காலையில புள்ளியோட அகலத்தைப் பூஜ்ஜியமாக்கினாங்க. அப்புறம் ஆஸ்பத்திரி வேலை குறுக்க வந்துடுச்சு. நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"பேப்பர் வாங்கப் போயிருந்தேன்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. "திரும்பி வர்றப்ப சாயங்காலம். பலகையைக்கூடப் பார்க்கல. திருகாணிதான் அடிச்சாங்கன்னு நினைச்சேன். நேத்து எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தப்பதான்..."

அண்ணி எழுந்து நின்றாள். "நீயா?"

"இந்தப் பழைய மென்பொருளைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்னு எத்தனை தடவை கேட்டேன் அண்ணி! அவர் எழுதினது, அவர் எழுதினதுன்னு நீங்க விடவே இல்ல. ஒரு தடவை திருகாணிக்காரன் கத்தினா மனசு மாறுவீங்கன்னு நினைச்சேன். அண்ணன் எழுதறப்ப பக்கத்துல உக்காந்து அகலம் படிச்சுச் சொன்னவன் நான்தான். எங்க கை வைக்கணும்னு எனக்குத் தெரியும்." அவர் தரையைப் பார்த்தார். "ராத்திரி வந்து சரி பண்ணேன். சொல்ல வாய் வரல. எல்லாத்தையும் திரும்ப வாங்கிட்டா வேற யாருக்கும்..."

"வாங்கிட்டீங்களா?" பரிசோதகர் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். "எட்டுக் கட்டுதான் இருக்கு. ஒன்பது ஆஸ்பத்திரி."

"ஒண்ணு காலைல பூட்டியிருந்தது. ரெண்டு மணிக்குத் திறப்பாங்க."

சுவர்க்கடிகாரத்தில் ஒன்று நாற்பது.

அவள் தொலைபேசியை எடுத்தாள். அந்த ஒன்பதாவது ஆஸ்பத்திரியின் எண்ணைச் சுழற்றினாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு, குழந்தை இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போட்டு, பன்னிரண்டு அட்டையும் தப்பு என்று கத்தாத குறையாகச் சொன்னாள். அங்கிருந்தும் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் இன்னும் தூரம்.

"மாப்பிள்ளை" என்றார் பரிசோதகர்.

மைத்துனர் ஏற்கெனவே சாவியோடு வாசலில் இருந்தார். "வழி காட்ட நீங்களும் வாங்க" என்று கொழுந்தனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கார் கிளம்பிய வேகத்தில் வாசல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

மெஷின்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "நானும் தப்பாப் பேசிட்டேன்மா" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

இரண்டு பத்துக்குத் தொலைபேசி அடித்தது. பரிசோதகர் எடுத்தார்.

"அத்தான், அட்டை கையில இருக்கு!" மைத்துனருக்கு மூச்சு வாங்கியது. "உள்ள போறப்ப ஒரு நர்ஸம்மா சுவரைப் பார்த்துட்டு மருந்து ஊத்திட்டு இருந்தாங்க. பாட்டிலோட பிடுங்கிட்டேன். திட்டினாங்க, பரவால்ல. ஆனா அத்தான்... அவரைக் காணோம். சுவரிலிருந்து அட்டையை எல்லாம் அவர்தான் கழட்டினார். நான் நர்ஸம்மாவுக்கு விளக்கம் சொல்லிட்டுத் திரும்பினா, ஆளே இல்ல."

அவள் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஓடிட்டானா?"

பழைய வழக்குகளில் பரிசோதகர் இதையும் பார்த்திருக்கிறார். ஓடுவதைவிட மோசமானதையும் பார்த்திருக்கிறார். மைத்துனரிடம் தெருத் தெருவாகத் தேடச் சொன்னார்.

மூன்றரை மணிக்கு மறுபடி அடித்தது. இந்த முறை அவளே எடுத்தாள். பெரிய மருத்துவமனையின் தலைமை நர்ஸ்.

"உங்க கொழுந்தனார் இங்க இருக்கார்மா. குழந்தையோட அப்பா முன்னாடி உக்காந்து, நான்தான் பண்ணேன்னு எல்லாத்தையும் சொல்லிட்டார். அந்த மனுஷன் அடிக்கக் கை ஓங்கினார். இவர் தலையைக்கூட நகர்த்தல. நாங்கதான் பிடிச்சோம். போலீஸையும் இங்கயே வரச் சொல்லிட்டார்."

"குழந்தை எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

"மதியத்துக்கு மேல கண்ணைத் திறந்துச்சு. மூச்சுக் குழாயை எடுத்தாச்சு. தானா மூச்சு விடுது. டாக்டர் இன்னும் ரெண்டு நாள் பார்க்கணும்கறார்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பரிசோதகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகை ஓய்ந்ததும் அவள் முகத்தைக் கழுவி, கைப்பையை எடுத்தாள்.

"வீட்டுக்கா அம்மா?" என்று கேட்டார் மெஷின்காரர்.

"ஆஸ்பத்திரிக்கு. அந்தக் குழந்தையை ஒரு தடவை பார்க்கணும்." செருப்பை மாட்டிக்கொண்டு, சற்றுத் தயங்கினாள். "அப்புறம்... காலைலேர்ந்து அவன் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான். போலீஸ் கூட்டிட்டுப் போறதுக்குள்ள ஏதாவது வாங்கிக் குடுக்கணும். செஞ்சதுக்கு அவன் அனுபவிக்கட்டும், நான் குறுக்க நிக்கப் போறதில்ல. ஆனா என் வீட்டுக்காரர் போற போது என் கையில பிடிச்சுக் குடுத்துட்டுப் போன தம்பி சார்."

பரிசோதகர் கதவைத் திறந்து பிடித்தார். அவள் வெயிலில் இறங்கி, மருத்துவமனைப் பக்கம் வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.